பழைய கட்டடத்தைக் காப்பாற்றும் முதல் ஆண்டு: பதிவும் தண்ணீரும்

கேள்வி இதுதான்: புறநகர் ஒன்றில் நூறாண்டைத் தாண்டிய செங்கல் கட்டடம் இருக்கிறது. பள்ளிக்கூடமாக இருந்து, பிறகு அலுவலகமாகி, இப்போது பூட்டிக் கிடக்கிறது. அடிச்சுவரில் ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. பகுதி மக்கள் பணம் திரட்டியிருக்கிறார்கள். சிமென்ட் பூசி, வண்ணம் அடித்து, வாசலில் ஒரு பெயர்ப்பலகை வைக்கலாமா? எதில் தொடங்குவது?

எதில் தொடங்கினாலும் சிமென்டில் தொடங்காதீர்கள். திரட்டிய பணத்தைக் கொண்டு முதல் ஆண்டில் இரண்டே வேலைகளைச் செய்யுங்கள். ஒன்று, கட்டடத்தை இப்போது இருக்கிறபடியே பதிவு செய்வது. மற்றொன்று, தண்ணீர் உள்ளே வரும் வழிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மூடுவது. பூச்சும் வண்ணமும் காத்திருக்கலாம். கவனிப்பாரற்ற சுவர் மெதுவாகத்தான் கெடும். அவசரத்தில் பூசிய சிமென்டோ சில மழைக்காலங்களுக்குள் செங்கல்லின் முகத்தையே கழற்றிவிடும். அதைத் திரும்ப எடுக்கப் போனால் மிச்சமிருக்கும் முகமும் கூடவே வந்துவிடும்.

புறநகர்க் கட்டடங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நகரின் நடுவில் பழைய கட்டடங்கள் தெருத்தெருவாகக் கூட்டமாக நிற்கும். ஒன்றுக்கு ஒன்று சாட்சி. புறநகரில் அவை சிதறிக் கிடக்கும். ஒரு ரயில் நிலையம், ஒரு மைல் கல், ஒரு பொதுக் கிணறு, ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், ஒரு பண்ணை வீடு. சுற்றிலும் புதிய வீடுகள் வந்த பிறகு அது ஏன் அங்கே நிற்கிறது என்பதே பலருக்கு விளங்காது. இன்னொன்று, சாலை. ஒவ்வொரு முறையும் பழைய தளத்தின் மேலேயே புதிய தளம் போடுவதால் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. 'கட்டடம் பூமிக்குள் இறங்கிவிட்டது' என்று சொல்வார்கள். பெரும்பாலும் இறங்கியது கட்டடமல்ல, ஏறியது சாலை. உங்கள் அடிச்சுவர் ஈரத்துக்கும் இதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வேலைக்கு முன் சட்ட நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டடம் எந்தப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலிலாவது இருக்கிறதா? இருந்தால் அந்தப் பாதுகாப்பு எதுவரை: வெளித்தோற்றம் மட்டுமா, உட்புறமும் சுற்றுச்சுவரும் மரங்களும் சேர்த்தா? நிலம் யார் பெயரில்? சாலை அகலப்படுத்தும் திட்டக் கோடு வளாகத்துக்குள் போகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திட்ட வரைபடம் ஒப்புதலான பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம். கருத்துக் கேட்கும் காலத்திலேயே எழுத்தில் மனுக் கொடுத்தால் அந்தத் திட்டக் கோட்டைச் சில மீட்டர் நகர்த்த முடியலாம்.

பட்டியலில் இல்லை என்றால், சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963 அக்டோபரில் இடிக்கத் தொடங்கியபோது தடுக்கச் சட்டமில்லை. அந்த இழப்பின் அதிர்ச்சியில்தான் 1965இல் அந்நகரின் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1978இல் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் உயர்ந்த அலுவலகக் கோபுரம் எழுப்பும் திட்டத்தை நகரம் மறுத்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொன்னது. முதல் நிலையம் போனதால் இரண்டாவது பிழைத்தது. உங்கள் பகுதியில் அப்படி ஒன்றைப் பலி கொடுத்துத்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

மனுவோடு இரண்டு பக்கத்தில் ஒரு மதிப்புரை வையுங்கள்: இந்தக் கட்டடம் ஏன் முக்கியம், அதில் எந்தெந்தப் பகுதி முக்கியம். 'மிகப் பழமையானது, அழகானது' என்று எழுதினால் பயனில்லை. எந்த ஆண்டு, யார் கட்டினார்கள், என்ன தொழில்நுட்பம், இங்கே என்ன நடந்தது, எந்தப் பகுதி மாறாமல் இருக்கிறது, எது பிற்காலச் சேர்க்கை என்று எழுதுங்கள். பிற்காலச் சேர்க்கை என்பதாலேயே அது இடிக்கத் தக்கதாகிவிடாது. அதுவும் வரலாற்றின் ஒரு படி. பின்னாளில் ஒப்பந்ததாரர் 'இந்தச் சன்னலை எடுத்துவிடலாமா' என்று கேட்கும்போது விடை இந்த இரண்டு பக்கத்தில் இருக்க வேண்டும்.

இனிப் பதிவு. ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று, கேமராவைச் சாய்க்காமல் படம் எடுங்கள். படத்தில் அளவுகோல் ஒன்று தெரியட்டும். 10 சென்டிமீட்டருக்கு ஒரு முறை கறுப்பு வெள்ளை மாற்றி வண்ணமிட்ட 1 மீட்டர் குச்சி போதும். அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்தால், பின்னர் மென்பொருளில் அவற்றைக் கோத்து முப்பரிமாண உருவம் உண்டாக்கலாம். அதிகாலையிலோ மாலையிலோ வெயில் சுவரில் சாய்ந்து விழும்போது இன்னொரு முறை எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத புடைப்பும், அடைத்த வாசலின் தடமும், பூச்சு விலகி நிற்கும் இடமும் அப்போது நிழலாகத் தெரியும்.

அளக்கும்போது அறையின் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பழைய அறைகள் அச்சாகச் சதுரமாக இருப்பது அரிது; மூலைவிட்டம் இல்லாத அளவை வைத்து வரைந்த வரைபடம் அடுத்த அறைக்குப் போகும்போது பொருந்தாது. ஒரு சுவரில் சன்னல், தூண், வாசல் என்று தனித்தனியாக அளந்து கூட்டாதீர்கள். ஒரு மூலையில் நாடாவின் பூச்சியத்தை வைத்து, அங்கிருந்தே எல்லா அளவையும் தொடர்ச்சியாகப் படியுங்கள். இல்லையென்றால் சிறு பிழைகள் சேர்ந்து பெரும்பிழையாகும். தரைப்படம் 1:50, சன்னல் கதவு வேலைப்பாடு 1:10 அல்லது 1:5.

உதிர்ந்து கிடக்கும் துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். எங்கே கிடந்தது என்று எழுதி, எண்ணிட்டு, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு செங்கல்லின் நீள அகல உயரமும், செங்கற்களுக்கு இடையிலுள்ள சந்தின் கனமும், அந்தச் சந்தை நிரப்பிய காரையில் (கலவையில்) ஒரு கைப்பிடியும் பின்னால் பெரிய உதவி. வண்ணப் படலங்களை அறியக் கதவு மறைவில் தீப்பெட்டி அளவு இடத்தைக் கூர்கத்தியால் படிப்படியாகச் சுரண்டுங்கள்; மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு காலத்து நிறமும் வரிசையாக வெளிப்படும். படக் கோப்புகள் மூன்று படிகளாவது, அவற்றில் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே தேதியும் அறையும் திசையும் வரட்டும். பெயர் தெரியாத ஆயிரம் படங்கள் பத்து ஆண்டில் யாருக்கும் பயன்படாது.

அடுத்தது தண்ணீர். இதில் கருவியைவிடக் கண்தான் முதலில். கனமழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே வழிகிறது, எந்தக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, சுவரடியில் எங்கே தேங்குகிறது, சாலையிலிருந்து எந்தப் பக்கமாக உள்ளே ஓடி வருகிறது என்பதை அரை மணி நேரத்தில் காணலாம். வெயில் நாளில் வந்து பார்க்கும் நிபுணருக்கு இது கிடைக்காது.

பழுது மேலிருந்து கீழே வரட்டும். முதலில் கூரை: உடைந்த ஓடு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, கூரைத் தண்ணீர் ஓடும் தாரையின் வாய். பிறகு இறக்குக் குழாய்கள். குழாய்க்குப் பின்னால் சுவரில் பச்சைப் பாசிக் கோடு இருந்தால் அந்தக் குழாய் பின்பக்கம் வெடித்திருக்கிறது என்று பொருள். முன்னால் பார்த்தால் தெரியாது. இவை முடிந்த பிறகே தரைமட்டம்.

வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 150 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். சுவரை ஒட்டி மண் குவிந்திருந்தால் அதை அகற்றி, சுவரிலிருந்து விலகி ஓடும்படி மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் சரிவு கொடுங்கள். ஆனால் வெட்டத் தொடங்குமுன் ஒரே இடத்தில் சிறு குழி தோண்டி அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பழைய சுவர்களின் அடித்தளம் பல நேரம் மிகக் குறைந்த ஆழத்திலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே பள்ளம் எடுத்தால் ஈரம் போகும், சுவரும் போகும்.

சாலை உயர்ந்துவிட்டது, அதைத் தாழ்த்த வழியில்லை என்றால், சுவரோரமாகச் சல்லி நிரப்பிய குறுகிய வாய்க்கால் வெட்டி, அடியில் துளையிட்ட குழாய் பதிக்கலாம். இந்த வேலை தோற்கும் இடம் எப்போதும் ஒன்றே: குழாயின் மறுமுனை எங்கே போய்ச் சேர்கிறது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். வெளியேற வழியில்லாத வாய்க்கால், சுவரை நனைப்பதற்கென்றே கட்டிய தொட்டி. சுவரைச் சுற்றிப் போட்ட கான்கிரீட் தளமும் இதே கேட்டைச் செய்யும். மண்ணிலிருந்து மேலெழும் ஈரத்தைத் தளம் தடுக்கும். அது பக்கவாட்டில் நகர்ந்து சுவர் வழியாக ஏறும்.

ஈரத்தை அளக்க இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்திப் பார்க்கும் கருவியை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது மரத்துக்கென்று அளவிடப்பட்ட மின்கடத்தல் கருவி. சுவரில் உப்பு இருந்தால், காய்ந்த சுவரையும் ஈரச் சுவராகக் காட்டும். 'ஈரம் ஏறுகிறது, சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்த வேண்டும்' என்ற பரிந்துரைகள் பல இந்தக் கருவியின் எண்ணை வைத்தே வருகின்றன. தரையிலிருந்து வெவ்வேறு உயரங்களில் துளையிட்ட தூளை எடுத்து எடை பார்த்து, 105 பாகை செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி மறுபடி எடை பாருங்கள். கீழே அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைந்து ஏறத்தாழ 1 மீட்டரில் தீர்ந்தும் போனால் அது நிலத்து ஈரம். இடையிலோ மேலேயோ திடீரென்று கூடினால் குழாயையோ கூரையையோ தேடுங்கள்.

தண்ணீர் நின்ற பிறகும் சுவர் உடனே காயாது. 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழகிய கணக்கு. 450 மில்லிமீட்டர் சுவருக்கு ஒன்றரை ஆண்டு. முதல் ஆண்டில் பூச வேண்டாம் என்று மேலே சொன்னதன் காரணம் இதுவே. சன்னல்களைத் திறந்து வைத்து, உள்பக்கத்துச் சிமென்ட் பூச்சு தளர்ந்த இடங்களில் அதை எடுத்துவிட்டு, சுவரை மூச்சுவிட விடுங்கள்.

காயும்போது உப்புப் பூக்கும். பயப்பட வேண்டாம், அது வெளியேறுவது நல்லதே. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி, கீழே தாள் விரித்துச் சேர்த்து வளாகத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தரையிலேயே விட்டால் அடுத்த மழையில் மறுபடி சுவருக்குள் போகும். தண்ணீர் விட்டுக் கழுவுவது அதைவிட மோசம். உப்பு கரைந்து ஆழத்துக்கு இறங்கி, காயும்போது செங்கல்லின் தோலுக்கு உள்ளே படிகமாகும். படிகம் வளரும் விசைதான் செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. குறிப்பாக சோடியம் சல்பேட் நீரை ஏற்றுப் படிகமாகும்போது அதன் பருமன் மூன்று மடங்குக்கு மேல் பெருகும். உப்பு மிகுந்த இடங்களில் பற்றுப் போடலாம்: களிமண்ணும் காகிதக் கூழும் வாலைவடிநீரில் குழைத்து 1 முதல் 2 சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, முழுவதும் உலர்ந்து தானாக விலகும்போது எடுத்து எறியுங்கள். இரண்டு மூன்று முறை தேவைப்படும்.

இப்போது சிமென்டுக்கு வருவோம். இன்று பொதுவாகப் பயன்படும் போர்ட்லேண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அது எங்கும் பரவ நெடுங்காலமானது. அதற்கு முந்தைய சுவர்கள் சுண்ணாம்பிலேயே நின்றன. சிமென்ட் கெட்ட பொருள் என்பதல்ல. இந்தச் சுவருக்கு ஒவ்வாத பொருள். பழைய சுவரில் செங்கல்லைவிடக் காரை மென்மையாக இருக்கும். சுவர் சற்றே அசைந்தால் அசைவைச் சந்து வாங்கிக்கொள்ளும். ஈரமும் சந்து வழியாகவே வெளியேறும். கெடுவதும் காரைதான், அதைச் சுரண்டி மாற்றிவிடலாம். சந்தில் சிமென்டை வைத்தால் எல்லாம் தலைகீழாகும். அசைவைச் செங்கல் தாங்க வேண்டும், ஈரம் செங்கல் வழியாக வெளியேற வேண்டும், சிமென்டில் உள்ள கரையும் உப்புகளும் செங்கல்லுக்குள் போகும். சில ஆண்டுகளில் சிமென்ட் சந்து மட்டும் தேன்கூட்டுச் சட்டம்போல நீட்டிக்கொண்டு நிற்க, நடுவில் செங்கல் குழிந்துபோகும்.

சுண்ணாம்பு வேலை செய்யும் முறை தெரிந்தால் அதைக் கெடுக்காமல் கையாளலாம். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது. அதற்குக் காற்று வேண்டும், கூடவே ஈரமும் வேண்டும். வேகமாகக் காய்ந்துபோன சுண்ணாம்பு கல்லாவதில்லை, மாவாகிறது. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் தண்ணீருக்குள்ளும் இறுகும் வகை கிடைக்கும். இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்காக 1756இல் சோதனைகள் செய்த பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் இதைக் கண்டறிந்தார். செங்கல் தூளையோ எரிமலைச் சாம்பலையோ சேர்த்தும் இந்தக் குணத்தைப் பெறலாம். ரோமானியர் செய்தது அதைத்தான். மழை நேராக அடிக்கும் சுவருக்கும் அடிச்சுவருக்கும் இந்த வகை ஏற்றது, உட்சுவருக்குச் சாதாரணச் சுண்ணாம்பே போதும்.

முதலில் பழைய காரை என்ன என்று பாருங்கள். கொஞ்சம் நொறுக்கி, எடை பார்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் தங்கும். அதைக் கழுவி உலர்த்திச் சலித்தால் மணலின் நிறமும் பருமனும் விகிதமும் தெரியும். மணலில் சிப்பித் தூளோ சுண்ணாம்புக்கல் பொடியோ இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்துவிடும். அப்போது இந்தக் கணக்குத் தவறும், உருப்பெருக்கியில்தான் பார்க்க வேண்டும்.

கலவை பொதுவாக 1 பங்கு சுண்ணாம்புக் குழைவு, 3 பங்கு மணல், கொள்ளளவில். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதை நிரப்பத் தேவையான அளவே சுண்ணாம்பு. மணல் கழுவியதாக, முனை மழுங்காததாக, பெரியதும் சிறியதும் கலந்ததாக இருக்கட்டும். ஒரே பருமனான மாவு மணல் வெடிக்கும்; கடல் மணல் உப்பைக் கொண்டுவரும். கலவை இறுக்கமாக இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் நன்றாக இடித்துக் குழையுங்கள்; இடிக்க இடிக்கத் தானே இளகும். தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி விரிசல் விடும். 'உறுதிக்காகக் கொஞ்சம் சிமென்ட்' என்று ஒரு கரண்டி சேர்ப்பது கொத்தனார்களிடம் உள்ள பழக்கம். வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்தச் சிறு அளவு சிமென்ட் உறுதியையும் தராது, சுண்ணாம்பின் நுண்துளைகளையும் கெடுக்கும்.

சந்தைச் சுரண்டும் ஆழம், சந்தின் கனத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். பெரும்பாலும் 20 முதல் 25 மில்லிமீட்டர். ஆழமில்லாமல் மேலாக அப்பியது ஓடுபோலப் பெயர்ந்துவிடும். சுழலும் அறுப்பு எந்திரம் கூடாது. கை சற்று நழுவினால் செங்கல்லின் விளிம்பு போய், மெல்லிய சந்து என்றென்றைக்கும் அகலமாகத் தெரியும். உளியும் சிறு சுத்தியலும் போதும். தூசியை ஊதி எடுத்து, சந்தை நனைத்து, ஈரம் மின்னாத நிலையில் காரையை உள்ளே அழுத்துங்கள். ஆழமான இடத்தில் ஒரே தடவையில் நிரப்பாமல் 10 மில்லிமீட்டர் கனப் படலங்களாக வையுங்கள். முகம் செங்கல்லுக்குச் சற்று உள்ளே நிற்கட்டும். மழுங்கிய விளிம்புகளின் மேல் வழித்துத் தேய்த்தால் சந்து இரண்டு மடங்கு அகலமாகத் தெரிவதோடு அந்த மெல்லிய ஓரம் முதலில் உதிரும். விரலால் அழுத்திப் பள்ளம் விழாத பதத்தில் கெட்டியான தூரிகையால் குத்திவிட்டால் மேல்தோல் திறந்து காற்றுப் போகும். பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, நாளுக்குச் சில முறை பனிபோலத் தெளியுங்கள். வெயிலும் காற்றும் நேராகப் படக் கூடாது. வெப்பநிலை 5 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் நாட்களில் தொடங்கவே வேண்டாம். நீற்றும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், உடனே சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஏற்கெனவே பூசிய சிமென்டை எடுக்க வேண்டுமா? 1 சதுர மீட்டர் இடத்தில் சோதித்துப் பாருங்கள். தட்டினால் கழன்று வந்தால் எடுங்கள். செங்கல்லின் முகத்தோடு சேர்ந்து வந்தால் விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டிருக்கும் சிமென்டைவிட முகம் போன செங்கல் கூடுதல் கேடு.

விரிசல்களை முதல் ஆண்டில் அடைக்க வேண்டாம், அளக்க வேண்டும். விரிசலின் இரண்டு பக்கமும் சந்துகளில் சிறு துருப்பிடிக்காத ஊசிகள் பதித்து, மாதம் ஒரு முறை அவற்றுக்கிடையிலான தூரத்தை வெர்னியர் அளவியால் குறித்து வாருங்கள். மழைக்கும் வறட்சிக்கும் ஏற்பத் திறந்து மூடினால் அது மூச்சு. ஒரே பக்கமாக வளர்ந்துகொண்டே போனால் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நோய். களிமண் நிலத்தில் பக்கத்து மரத்தின் மேல் பழி விழும். அதை ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். மரம் குடித்துவந்த நீர் இனி மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, சுவரை மேலே தூக்கிப் புது விரிசல் தரும். சுவரிலேயே முளைத்த ஆலும் அரசும் வேறு கதை. அவற்றையும் பிடித்து இழுக்காதீர்கள். வேர் வரும்போது செங்கல்லும் வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்துச் சுருங்கிய பிறகு எடுத்து, ஓட்டையைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்புங்கள்.

மர உத்திரத்தில் கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் போகும் முனை. கூரான குத்தூசியால் குத்திப் பாருங்கள். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு வசதி. முனை மட்டும் கெட்டிருந்தால் முழு உத்திரத்தையும் மாற்றாமல், கெட்டதை அறுத்து அதே வகை மரத்தால் ஒட்டுப் போடலாம். முனையைச் சுற்றிக் காற்றோட இடைவெளி விடுங்கள். இரும்புக்கும் ஒரு எச்சரிக்கை: துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலில் பழைய கிரேக்கர் இரும்புக் கொக்கிகளை ஈயத்தால் மூடியிருந்தார்கள். 1898 முதல் 1933 வரை அங்கே மீட்டமைப்பு வேலை செய்த பொறியாளர் நிக்கோலாவோஸ் பலானோஸ் போட்ட புது இரும்பு அப்படி மூடப்படாததால் துருவேறிச் சலவைக்கல்லைப் பிளந்தது. பிற்பாடு அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான் அது.

சுத்தம் செய்ய மணலை வீசி அடிக்கும் எந்திரம் கூடவே கூடாது. சூளையில் வெந்த செங்கல்லின் கெட்டித் தோலை அது உரித்துவிடும். உள்ளே இருப்பது தண்ணீரை உறிஞ்சும். மென்தூரிகையும் மிகக் குறைந்த அளவு தண்ணீரும் போதும். வண்ணத்துக்குப் பாலைப் போல நீர்த்த சுண்ணாம்பை நான்கைந்து மெல்லிய பூச்சாக அடியுங்கள். பிளாஸ்டிக் வண்ணம் மேலே படலமாகி ஈரத்தை உள்ளே அடைத்து, கொப்புளமாக எழும்பும்.

எவ்வளவு செய்யலாம் என்பதில் உலகில் பலரும் பின்பற்றும் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும், புதிதாகச் சேர்த்த பகுதி பழையதோடு இசைந்தாலும் வேறாகத் தெரிய வேண்டும் என்கிறது 1964இன் வெனிஸ் சாசனம். தேவைப்படும் அளவு மாற்று, ஆனால் இயன்றவரை குறைவாக மாற்று என்பது 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான புர்ரா சாசனத்தின் நெறி. உடைந்த அலங்காரத்தின் பாதி தெரியாவிட்டால், 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்று புதிதாக வார்க்காமல் வெறுமையாக விடுவதே நேர்மை.

வேலை நடக்கும் மாதங்களில் பெரிய ஆபத்து நெருப்பு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலைப் பள்ளி 2014 மே மாதம் எரிந்தது. மீட்டமைத்துக்கொண்டிருக்கும்போதே 2018 ஜூனில் மறுபடி எரிந்து, முதல் தீயில் தப்பியவையும் போயின. பற்றவைப்பு, ஊதுவிளக்கு போன்ற வேலைகளை முடிந்தவரை வளாகத்துக்கு வெளியே செய்யச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் எழுத்து அனுமதி, பக்கத்தில் தீயணைப்பான், வேலை முடிந்து 1 மணி நேரமாவது ஒருவர் காவல். நாள் முடிவில் மின் இணைப்பைத் தலைவாயிலிலேயே துண்டியுங்கள்.

இதற்கெல்லாம் பிறகு கட்டடத்தில் ஆள் நடமாட வேண்டும். பூட்டிய கட்டடத்தில் ஒழுகுவதை யாரும் பார்ப்பதில்லை. நூலகமோ மாலை வகுப்போ மருந்தகமோ, இருக்கும் அறைகளுக்குப் பொருந்தும் பயனைத் தேர்ந்தெடுங்கள். பயனுக்காக அறைகளை உடைக்காதீர்கள். முகப்பை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் புதுக் கட்டடம் எழுப்பும் யோசனை வரும். அதில் மிஞ்சுவது ஒரு சுவர், கட்டடம் அல்ல. 'பெயர்த்துப் பூங்காவில் வைக்கலாம்' என்றும் சொல்வார்கள். முடியாததில்லை, கடலரிப்பு நெருங்கியதால் அமெரிக்காவின் கேப் ஹாட்டெராஸ் கலங்கரை விளக்கத்தை 1999இல் அப்படியே ஏறத்தாழ 870 மீட்டர் நகர்த்தினார்கள். அங்கே கடல் வேறு வழி விடவில்லை. வாகன நிறுத்துமிடத்துக்காக அதைச் செய்வது நியாயமல்ல.

ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், தண்ணீர்த் தாரைகளைத் தூர்வார ஒருவரைப் பெயரிட்டுப் பொறுப்பாக்குங்கள். ஒரு தடித்த பதிவேட்டில் தேதி, செய்த வேலை, கலவை விகிதம், மணல் வாங்கிய இடம், எடுத்த படத்தின் எண் ஆகியவற்றை எழுதிவையுங்கள்.

பெயர்ப்பலகை கேட்டிருந்தீர்கள். சுவரிலிருந்து விலகித் தரையில் தனித்து நிற்கும்படி வைப்பது சிறந்தது. சுவரில்தான் வேண்டும் என்றால் துளையைச் செங்கல்லில் போடாமல் சந்தில் போடுங்கள்; திருகு வெண்கலமாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் வழிந்தோட 10 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கட்டிய ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் எழுதாதீர்கள். எந்த ஆவணத்தில் முதலில் குறிப்பு வருகிறதோ அந்த ஆண்டை 'அதற்கு முன்' என்று எழுதலாம். பழுதுபார்த்த ஆண்டையும் எந்தச் சுவரில் புதுக் காரை வைத்தீர்கள் என்பதையும் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள்.